எலும்பில்லாக் கறி

எக்ஸ்ரே படத்தைத் திரையில் பார்த்தபோது படம்தான் சரியாக விழவில்லை என்று நினைத்தேன். எலும்பு என்றால் வெள்ளையாகத் தெரிய வேண்டும். வெல்லத்தின் எலும்புகள் சாம்பல் நிறத்தில், பக்கத்துச் சதையோடு கரைந்துவிட்டது போல இருந்தன. வலது பின்னங்காலில் முறிவு. சோபாவிலிருந்து தரையில் குதித்ததில் ஏற்பட்டது அது. சோபா ஒன்றரை அடி உயரம்கூட இருக்காது.

வெல்லம் ஐந்து மாதக் குட்டி. கிள்ளானில் நான் வாடகைக்கு இருக்கும் பிளாட்டின் கார் நிறுத்துமிடத்தில், மழை நாளில் ஒரு காரின் அடியில் கத்திக்கொண்டிருந்தவனைத் தூக்கி வந்தேன். பனைவெல்லத்தின் நிறம், அதனால் அந்தப் பெயர்.

"என்ன சாப்பாடு கொடுக்கிறீங்க?" என்று டாக்டர் மலாயில் கேட்டார். இளம் பெண். என்னைவிட இரண்டு மூன்று வயது கூடுதலாக இருக்கலாம்.

எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "இயற்கை உணவுதான் டாக்டர். பாக்கெட் பிஸ்கட் எல்லாம் கிடையாது. தினமும் பச்சைக் கோழி. தோலு, கொழுப்பு எல்லாம் எடுத்துட்டு நெஞ்சுக்கறி மட்டும்."

"எலும்பு?"

"இல்ல."

"ஈரல், இதயம்?"

"இல்ல. அதெல்லாம் அழுக்குதானே?"

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வெறும் சதையில் பாஸ்பரஸ் நிறைய இருக்கும், கால்சியம் ஏறக்குறைய இருக்காது என்று பொறுமையாக விளக்கினார். ஒரு பங்கு கால்சியத்துக்குப் பதினைந்து, இருபது பங்கு பாஸ்பரஸ். வளரும் குட்டிக்கு இரண்டும் ஏறக்குறைய சமமாக வேண்டும். ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இதயமும் நரம்பும் நின்றுவிடும் என்பதால் உடம்பு அதைக் குறைய விடாது, எங்கிருந்தாவது எடுத்துவிடும். "எங்கிருந்து எடுத்திருக்கான் பாருங்க," என்று திரையைக் காட்டினார். மூன்று மாதமாக என் வீட்டில் வெல்லம் தன் எலும்பையே தின்றுகொண்டிருந்திருக்கிறான்.

இதில் வெட்கப்பட எனக்குக் கூடுதல் காரணம் உண்டு. நான் செர்டாங்கில் உணவுப் பதனப் பொறியியல் படித்தவன். முதல் வருடத்திலேயே சொல்லித்தரும் பாடம் ஒன்று இருக்கிறது. ஒரு தொட்டியை எடுத்துக்கொள். உள்ளே என்ன போகிறது, வெளியே என்ன வருகிறது, உள்ளே என்ன தங்குகிறது என்று கணக்கு எழுது. கணக்கு இடிக்கிறதென்றால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. நாலு வருடம் இதைத்தான் விதவிதமாகப் படித்தோம். தொழிற்சாலையில் தினமும் இதைச் செய்துதான் சம்பளம் வாங்குகிறேன். ஐந்து மாதப் பூனைக்கு ஒரு தடவைகூட எழுதிப் பார்க்கவில்லை. 'இயற்கை' என்ற சொல் இருக்கும்போது கணக்கு எதற்கு என்று இருந்துவிட்டேன் போல.

அன்றிலிருந்து கொஞ்ச நாள், இரவு வேலை முடிந்து வந்து, கூண்டுக்குள் படுத்திருக்கும் வெல்லத்தின் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். மனிதர்கள் தம்மோடு வாழும் விலங்குகளுக்கு என்னதான் போட்டார்கள், 'இயற்கை உணவு' என்ற பேச்சு எப்போது வந்தது என்று. தேடத் தேட, நான் செய்த தவறு நூற்று முப்பது வருடத்துக்கு முன்பே நடந்து, கண்டுபிடிக்கப்பட்டு, சரிசெய்யப்பட்ட ஒன்று என்று தெரிந்தது. அதைச் செய்தவர்கள் லண்டன் மிருகக்காட்சிசாலைக்காரர்கள்.

*

1880களில் ரீஜென்ட்ஸ் பார்க்கில் இருந்த அந்த மிருகக்காட்சிசாலையில் சிங்கக்குட்டிகள் பிழைப்பதில்லை. ஒவ்வொரு ஈற்றாகக் கால் வளைந்து, முதுகு வளைந்து, நடக்க முடியாமல் செத்துக்கொண்டிருந்தன. அக்காலத்து லண்டன் சேரிக் குழந்தைகளுக்கு வந்த ரிக்கெட்ஸ் நோய்தான் இது என்று அடையாளம் கண்டவர் ஜான் பிளாண்ட்-சட்டன் என்ற அறுவை மருத்துவர். இறந்த விலங்குகளை அறுத்துப் பார்த்து ஆராய்வது அவர் வழக்கம். 1889-இல் சிங்கக்குட்டிகளின் விஷயத்தில் அவரிடம் யோசனை கேட்டார்கள்.

சிங்கங்களுக்குப் போட்டது கிழக்குதிரைகளின் இறைச்சி. லண்டனில் வண்டி இழுத்து ஓய்ந்த குதிரைகளுக்குப் பஞ்சமில்லை, விலையும் மலிவு. சிங்கம் பச்சை இறைச்சி தின்னும், நாம் பச்சை இறைச்சிதான் போடுகிறோம், இதைவிட இயற்கையாக வேறென்ன வேண்டும் என்றுதான் அவர்களும் நினைத்திருப்பார்கள். ஆனால் கிழக்குதிரையின் எலும்பு சிங்கத்தாலும் கடித்து உடைக்க முடியாத அளவுக்கு இறுகிப்போயிருந்தது. கிடைத்தது சதை மட்டும். காட்டில் சிங்கம் ஒரு மானை அடித்தால் வயிற்றைத்தான் முதலில் திறக்கும். ஈரலையும் குடலையும் தின்னும், விலா எலும்பைக் கடித்து நொறுக்கும். மானின் தொடைச்சதையை மட்டும் அறுத்தெடுத்து வைக்க அங்கே கசாப்புக்கடைக்காரர் இல்லை.

பிளாண்ட்-சட்டன் சொன்ன மருந்து மிகச் சாதாரணமானது. இடித்த எலும்பு, பால், காட் மீனின் ஈரலிலிருந்து எடுத்த எண்ணெய். மூன்று மாதத்தில் குட்டிகள் தேறின, பிறகு நன்றாக வளர்ந்தன. அப்போது வைட்டமின் என்ற சொல்லே கிடையாது. அந்த மீன் எண்ணெயில் என்ன இருந்தது என்பது விளங்க இன்னும் முப்பது வருடம் ஆனது. அதையும் நாய்க்குட்டிகள்தான் விளக்கின. எட்வர்ட் மெல்லன்பி முதல் உலகப்போர் காலத்தில் நாய்க்குட்டிகளை வெயில் படாமல் வீட்டுக்குள் வைத்து, ஸ்காட்லாந்துக்காரர்களைப் போல ஓட்ஸ் கஞ்சியாகக் கொடுத்து ரிக்கெட்ஸ் வரவைத்து, மீன் எண்ணெய் கொடுத்துக் குணப்படுத்தினார். இன்று நம் பால் மாவு டின்னில் வைட்டமின் டி என்று எழுதியிருப்பதற்குப் பின்னால் கால் வளைந்த அந்த நாய்க்குட்டிகளும் இருக்கின்றன.

இந்தச் சிங்கக் கதையைப் படித்த இரவில் நான் எழுந்துபோய்ப் பிரிட்ஜைத் திறந்து பார்த்தேன். நெஞ்சுக்கறி ஒரு கிலோ, சின்னச் சின்னப் பையாகப் பிரித்துக் கட்டிவைத்தபடி உறைந்து கிடந்தது. ஒவ்வொரு பையிலும் தேதிகூட எழுதியிருந்தேன்.

*

பாக்கெட் சாப்பாட்டின் கதையும் லண்டனில்தான் தொடங்குகிறது. அதற்கு முன் நாயும் பூனையும் மனிதன் போட்டதையும் தாமே பிடித்ததையும் தின்று பிழைத்தன. நகரம் பெருத்தபோது அதற்கும் ஆள் வந்தார். ஹென்றி மேஹ்யூ 1851-இல் லண்டன் ஏழைத் தொழிலாளர்களைப் பற்றி எழுதிய நூலில் பூனைக்கறி விற்பவர்களுக்கென்று ஒரு பகுதியே இருக்கிறது. செத்த குதிரையை வேகவைத்து, துண்டுபோட்டுக் குச்சியில் குத்தி, தள்ளுவண்டியில் வீடு வீடாக விற்பார்கள். நம் ஊரில் ரொட்டிக்காரரின் ஹாரன் சத்தம் கேட்டால் பிள்ளைகள் ஓடுவதுபோல, அவர் குரல் கேட்டால் தெருப் பூனைகள் எல்லாம் கூடிவிடுமாம்.

1860 வாக்கில் அமெரிக்காவிலிருந்து ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்பவர் இடிதாங்கி விற்க லண்டனுக்கு வந்தார். துறைமுகத்தில் மாலுமிகள் வீசியெறிந்த கெட்டி பிஸ்கட்டுக்கு நாய்கள் அடித்துக்கொள்வதைப் பார்த்து அவருக்கு யோசனை வந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. உண்மையோ பொய்யோ, கோதுமை மாவு, பீட்ரூட், காய்கறி, கொஞ்சம் மாட்டிறைச்சி சேர்த்து நாய் பிஸ்கட் செய்து காப்புரிமையும் வாங்கினார். வாங்கியவர்கள் வேட்டை நாய் வளர்த்த பணக்காரர்கள். அந்த நிறுவனத்தில் பையனாக வேலைக்குச் சேர்ந்த சார்ல்ஸ் கிரஃப்ட் பிற்பாடு தன் பெயரில் தொடங்கியதுதான் இன்றும் நடக்கும் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சி. பிஸ்கட் விற்றவரே நாய்க்கு அழகுப் போட்டியும் நடத்தியது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

அடுத்தது டின். முதல் உலகப்போர் முடிந்தபோது அமெரிக்காவில் குதிரைகளுக்கு வேலை போய்க்கொண்டிருந்தது. போர் முடிந்துவிட்டது, வயலுக்கு டிராக்டர் வந்துவிட்டது. 1922-இல் இல்லினாயில் ராக்ஃபோர்ட் ஊரில் சாப்பல் சகோதரர்கள் குதிரை இறைச்சியை டின்னில் அடைத்துக் கென்-எல் ரேஷன் என்ற பெயரில் விற்க ஆரம்பித்தார்கள். இரண்டாம் உலகப்போரில் தகரத்துக்குக் கட்டுப்பாடு வந்தது, டின் போய் உலர் உணவு மேலே வந்தது. எந்த இடத்திலும் நாய்க்கு எது நல்லது என்று யாரும் முதலில் கேட்கவில்லை. எது மிஞ்சிக் கிடக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

1957-இல் பியூரினா நிறுவனம் காலை உணவு சீரியல் செய்த எக்ஸ்ட்ரூடர் முறையைக்கொண்டு நாய் உணவு செய்தது. இந்த இடத்தில் எனக்குப் படிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. எக்ஸ்ட்ரூடர்தான் என் வேலை. நான் பார்த்துக்கொள்வது சோளத் தீனி செய்யும் இயந்திரம். மாவும் நீராவியும் ஒரு பீப்பாய்க்குள் போகும். உள்ளே பெரிய திருகு ஒன்று சுழன்று அதை நெருக்கித் தள்ளும். நூற்றிருபது, நூற்றைம்பது டிகிரிச் சூட்டில் மாவு பிசினாகும். கடைசியில் இருக்கும் சின்ன ஓட்டை வழியாக வெளியே வந்ததும் அழுத்தம் சட்டென்று விடுபடும். உள்ளேயிருந்த தண்ணீர் அந்த நொடியே ஆவியாகி, மாவு பொரிந்து ஊதும். கத்தி சுற்றிச் சுற்றி வெட்டும். பூனை பிஸ்கட்டுக்கும் இதேதான். கூடுதலாக, சூட்டில் அழியும் என்று தெரிந்தே வைட்டமினை அதிகமாகப் போடுவார்கள். காய்ந்த பிறகு மேலே கொழுப்பும் ஈரல் கரைசலும் தெளிப்பார்கள், இல்லாவிட்டால் பூனை மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். நாங்கள் சீஸ் தூள் தூவுகிறோம்.

1958-இல் அமெரிக்கச் செல்லப்பிராணி உணவு நிறுவனங்கள் ஒரு சங்கம் அமைத்துக்கொண்டன. வீட்டு மிச்சத்தை நாய்க்குப் போடாதீர்கள், அது கெடுதல் என்ற பிரச்சாரம் அடுத்த பத்து வருடத்தில் பலமாக நடந்தது. ஆயிரக்கணக்கான வருடம் மனிதனின் மிச்சத்தில் வாழ்ந்த விலங்குக்கு மிச்சம் விஷம் என்று ஆனது அப்போதுதான். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 2013-இல் ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் ஓநாயின் மரபணுவையும் நாயின் மரபணுவையும் ஒப்பிட்டார்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணு நாய்களிடம் பல படிகளாகப் பெருகியிருந்தது. நாம் போட்ட சோறும் ரொட்டியும் நாயின் உடம்பிலேயே எழுதப்பட்டுவிட்டன. நாயை ஓநாய் என்று நினைத்துக்கொண்டு வெறும் கறி போடுகிறவர்கள் இதையும் கொஞ்சம் படிக்கலாம். பூனையின் கதை வேறு. அது இன்றும் முழு ஊனுண்ணி.

*

ஹோலிஸ்டிக், முழுமைப் பராமரிப்பு என்றெல்லாம் இன்று நாம் கேள்விப்படுவது இந்தப் பாக்கெட்டுக்கு எதிராக எழுந்த குரல். அதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இங்கிலாந்தில் ஜூலியட் டி பைராக்லி லெவி கால்நடை மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, ஜிப்சிகளிடமும் பெதுயின்களிடமும் மூலிகையும் விலங்கு வளர்ப்பும் கற்று, பச்சை இறைச்சி, மூலிகை, பட்டினி என்று ஒரு முறையை எழுதினார். அமெரிக்காவில் ரிச்சர்ட் பிட்கேர்ன் என்ற கால்நடை மருத்துவர் 1982-இல் தன் மனைவியோடு சேர்ந்து வீட்டில் சமைத்துப் போடும் முறைகளைப் புத்தகமாக்கினார். ஆஸ்திரேலியாவில் இயன் பில்லிங்கர்ஸ்ட் 1993-இல் பச்சை உணவுக்காக ஒரு புத்தகம் எழுதினார். உன் நாய்க்கு ஓர் எலும்பு கொடு என்பதுதான் அதன் தலைப்பே.

தலைப்பிலேயே எலும்பு இருக்கிறது. பிட்கேர்னின் சமையல் குறிப்புகளிலும் எலும்புத்தூள் உண்டு. இவர்கள் யாரும் என்னை நெஞ்சுக்கறி மட்டும் போடச் சொல்லவில்லை. நான் பார்த்தது இரண்டு நிமிட வீடியோக்கள். ஒருவர் கோழியை வெட்டிக் கிண்ணத்தில் போடுவார், பூனை சாப்பிடும், பின்னால் பாட்டு ஓடும். புத்தகத்திலிருந்து வீடியோவுக்கு வரும் வழியில் எலும்பு விழுந்துவிட்டது.

இயற்கை உணவுக்காரர்கள் எப்போதும் எடுத்துச் சொல்லும் ஓர் ஆய்வு இருக்கிறது. கலிஃபோர்னியாவில் மன்ரோவியா என்ற ஊரில் டாக்டர் பிரான்சிஸ் பாட்டெஞ்சர் 1932 முதல் 1942 வரை நூற்றுக்கணக்கான பூனைகளை வைத்துச் செய்தது. அவர் ஆரம்பித்தது உணவு ஆராய்ச்சி அல்ல. அட்ரினல் சுரப்பிச் சாறு ஒன்றின் வீரியத்தைச் சோதிக்கத்தான் பூனைகளை வைத்திருந்தார். பூனைகளுக்குப் போட்டது அவர் குடும்பத்தின் காசநோய் மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெந்த இறைச்சி. பூனைகள் பெருகவே பச்சை இறைச்சியும் வாங்கிச் சில கூண்டுகளுக்குப் போட்டார். அந்தக் கூண்டுகள் மட்டும் தேறின. பிறகு அதையே ஆராய்ச்சியாக்கினார். வெந்தது தின்ற பூனைகளின் பரம்பரை மூன்றாம் தலைமுறையில் தேய்ந்து நின்றுவிட்டது என்று எழுதினார்.

நெருப்பு சாப்பாட்டைக் கொல்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? நானும் முதலில் அப்படித்தான் படித்தேன். ஆனால் கணக்கை எழுதிப் பார்த்தால் இன்னொன்று தெரிகிறது. டாரின் என்ற ஒரு சத்து இருக்கிறது. நாயும் மனிதனும் அதைத் தம் உடம்பிலேயே செய்துகொள்ள முடியும். பூனையால் போதுமான அளவு முடியாது, சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். டாரின் தண்ணீரில் கரையும். இறைச்சியை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டினால் டாரினும் சாக்கடைக்குப் போகும். பாட்டெஞ்சர் காலத்தில் இது யாருக்கும் தெரியாது. டாரின் இல்லாவிட்டால் பூனைக்குக் கண் போகும் என்பது வெளியானதே 1975-இல்தான். அவருடைய பூனைகளைத் தேய்த்தது இது ஒன்றுதான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நெருப்பின்மேல் மட்டும் பழிபோடவும் முடியாது.

பாக்கெட்டுக்காரர்களும் அதே பள்ளத்தில் விழுந்தார்கள். எல்லாச் சத்தும் அளந்து சேர்த்தது என்று நல்ல நிறுவனங்கள் விற்ற உணவைத் தின்ற பூனைகள் இதயம் பருத்துச் செத்துக்கொண்டிருந்தன. கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பால் பையன் என்ற இளம் கால்நடை மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும் 1987-இல் சயன்ஸ் இதழில் காரணத்தை எழுதினார்கள். ரத்தத்தில் டாரின் குறைவு. டாரின் கொடுத்தால் பருத்த இதயம் திரும்பவும் தேறுகிறது. நிறுவனங்கள் டாரினைக் கூட்டின. அந்த நோய் ஏறக்குறைய காணாமல் போனது. ஆனால் அதுவரை செத்த பூனைகளின் வீட்டுக்காரர்கள் பாக்கெட்டின் பின்னால் எழுதியிருந்ததை நம்பித்தான் போட்டார்கள். நான் வீடியோவை நம்பினேன்.

2007-ஐயும் சொல்லியாக வேண்டும். அந்த மார்ச்சில் மெனு ஃபுட்ஸ் என்ற கனடா நிறுவனம் ஆறு கோடி டின்களையும் பைகளையும் திரும்பப் பெற்றது. வேறு வேறு பெயரில், வேறு வேறு விலையில் கடையில் இருந்ததெல்லாம் ஒரே நிறுவனத்திலிருந்து வந்தது என்பது பலருக்கு அன்றுதான் தெரிந்தது. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமைன் கலந்திருந்தது. தட்டும் கோப்பையும் செய்கிற அதே மெலமைன். ஆய்வகத்தில் புரதத்தை நேராக அளப்பதில்லை, நைட்ரஜனை அளந்து அதிலிருந்து கணக்குப் போடுகிறோம். மெலமைனில் நைட்ரஜன் மிக அதிகம். சோதனைக்குப் புரதம் போலத் தெரியும், சிறுநீரகத்தில் போய் இன்னொரு பொருளோடு சேர்ந்து படிகமாகும். 2004-இல் ஆசியாவில் நாய்கள் சிறுநீரகம் கெட்டுச் செத்ததற்கும் இதுவே காரணம் என்று பிறகு தெரிந்தது. 2008-இல் இதே மெலமைன் சீனக் குழந்தைகளின் பாலில் வந்தது. நைட்ரஜன் சோதனையை ஆய்வகத்தில் நானே செய்திருக்கிறேன். புரதம் பன்னிரண்டு சதவீதம் என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதை ஏமாற்ற முடியும் என்று தோன்றியதே இல்லை.

ஆக, பாக்கெட்டை வெறுக்க ஆட்களுக்குக் காரணம் இருந்தது. பச்சை உணவுப் பேச்சு அதற்குப் பிறகு இன்னும் வேகமாகப் பரவியது. பாக்கெட்டுக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. அடுத்த வருடங்களில் பாக்கெட்டின்மேல் ஓநாய் படம் வந்தது, 'இயற்கை' என்ற சொல்லும் வந்தது. இயந்திரம் மட்டும் அதே திருகுதான்.

*

"நாங்கல்லாம் பூனைக்கு என்னத்தப் போட்டோம்? அதுபாட்டுக்கு வளந்துச்சு."

வெல்லத்தின் கால் முறிந்ததைப் போனில் சொன்னபோது பாட்டி சொன்னது இது. கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நாற்பது வருடம் பால்மரம் வெட்டியவர். லயத்து வீட்டில் எப்போதும் நாலைந்து பூனை இருக்கும். மீன்காரர் மோட்டாரில் வரும் நாளில் பாட்டி பொடிமீனும் தலையும் தனியாக வாங்குவார், சும்மாவும் கொடுப்பாராம். அதை உப்பில்லாமல் எலும்பு குழையும்வரை வேகவைத்து, அந்தத் தண்ணீரோடு சோற்றில் பிசைந்து கொல்லையில் வைப்பார். முழு மீன், எலும்பு, குடல், டாரின் கரைந்த தண்ணீர். பாட்டெஞ்சர் தவறவிட்டது எல்லாம் அந்தத் தட்டில் இருந்தது. வேகவைத்ததிலும் விஷயம் உண்டு. 1932-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் சாஸ்டெக் என்பவரின் பண்ணையில் பச்சை மீன் தின்ற நரிகள் கைகால் விழுந்து செத்தன. சில பச்சை மீன்களில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் நொதி இருக்கிறது. வேகவைத்தால் அது செத்துவிடும்.

இதைப் படித்ததும் பாட்டியின் கைமணம், முன்னோர் ஞானம் என்று ஒரு கட்டுரை எழுதிவிடலாம் என்று எனக்குக் கை துறுதுறுத்தது. நல்லவேளை, பாட்டியிடமே கேட்டேன். "எத்தன வருஷம் இருக்கும் பாட்டி ஒவ்வொரு பூனையும்?" யோசித்தார். "நாலு வருஷம், அஞ்சு வருஷம். குட்டி பாதி தங்காது." அவை மீன்சோற்றை மட்டும் நம்பியும் இருக்கவில்லை. அரிசி மூட்டைக்கு வந்த எலி, சுவரில் ஓடிய பல்லி, தவளை என்று முழுசாக, எலும்போடும் ஈரலோடும் தின்றன. பாட்டி போட்டது மேலே கொஞ்சம். பிளாட்டில் பன்னிரண்டாவது மாடியில் கம்பிக் கதவுக்குள் வளரும் வெல்லத்துக்கு எலி எங்கே கிடைக்கும்? நான் போடுவது மட்டும்தான் அவனுடைய உலகத்தில் இருக்கும் சாப்பாடு. லண்டன் சிங்கத்தின் கூண்டும் இப்படித்தான்.

பி1 என்றதும் இன்னொரு கதைக்குள் போனேன். நம்முடைய கதை அது. 1890களில் பத்தாவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், கிறிஸ்தியான் எய்க்மன் பெரிபெரி நோயைப் படித்துக்கொண்டிருந்தார். அவருடைய ஆய்வகக் கோழிகள் கால் விழுந்து தள்ளாடின, பிறகு திடீரென்று தேறின. காரணம் சமையல்காரர். ராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைக் கோழிக்குப் போட்டுவந்தார்கள். புதிதாக வந்த சமையல்காரர், ராணுவத்து அரிசியைச் சாதாரணக் கோழிக்குக் கொடுப்பதா என்று நிறுத்திவிட்டார். தீட்டாத அரிசி தின்ற கோழிகள் பிழைத்துக்கொண்டன. எய்க்மனுக்கு 1929-இல் நோபல் கிடைத்தது. சமையல்காரரின் பெயர் தேடினேன், கிடைக்கவில்லை.

அதே காலத்தில் மலாயாவிலும் பெரிபெரி ஆட்களைக் கொன்றுகொண்டிருந்தது. ஈயச் சுரங்கத்திலிருந்த சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தார்கள். தோட்டத்துத் தமிழர்களுக்கு அவ்வளவாக வரவில்லை. நெகிரி செம்பிலானில் மருத்துவராக இருந்த பிராடன் இதைக் கவனித்தார். சீனர்கள் தின்றது தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் தின்றது புழுங்கல் அரிசி. கோலாலம்பூர் மனநல விடுதியில் பிளெட்சர் என்ற மருத்துவர் இருந்தவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் பச்சரிசியும் மறுபக்கம் புழுங்கலும் போட்டுப் பார்த்தார். பச்சரிசிப் பக்கம் நோய் பரவியது, சாவும் விழுந்தது. யாரிடமும் சம்மதம் கேட்டிருக்க மாட்டார்கள். கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் பிரேசரும் ஸ்டாண்டனும் ஜெலுபுவில் சாலை போட்ட ஜாவாத் தொழிலாளர்களிடம் அதையே இன்னும் ஒழுங்காகச் செய்து, தீட்டும்போது அரிசியிலிருந்து ஏதோ ஒன்று போய்விடுகிறது என்று காட்டினார்கள். அந்த ஏதோ ஒன்றுதான் பி1.

நெல்லை ஊறவைத்து, உமியோடு அவித்து, காயவைத்து, பிறகுதான் குத்துவது. அவிக்கும்போது தவிட்டிலிருக்கும் பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் கொஞ்சம் தங்கும். என் தொழில் மொழியில் சொன்னால் இது சுத்தமான பதனம். ஊறவை, நீராவி, உலர்த்து. என் தொழிற்சாலையில் இருக்கும் அதே மூன்று சொல். என் பாட்டியின் பாட்டி கப்பலில் வந்து இந்த மண்ணில் பிழைத்துக் கிடந்ததற்கு இந்தப் பதனமும் ஒரு காரணமாக இருக்கலாம். பச்சரிசியும் புழுங்கலும் ஒரே வயலில் விளைந்தவைதான்.

*

வெல்லம் ஆறு வாரம் கூண்டில் இருந்தான். குதிக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கால்சியம் மருந்தை நானாக வாங்கிக் கொட்டிக் கணக்கை மறுபக்கம் சாய்த்துவிடக் கூடாது என்றும் சொன்னார், என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பார். குட்டிகளுக்கான, எல்லாம் அளந்து போட்ட பிஸ்கட்டும் டின்னும் மட்டும். அடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. முறிந்த இடம் கொஞ்சம் கோணலாகக் கூடியிருக்கிறது. அது நேராகாது. ஓடும்போது இடுப்பு ஒரு பக்கம் சாயும். நான் உறையவைத்திருந்த நெஞ்சுக்கறி ஒரு கிலோவையும் சம்பலாக்கி நானே சாப்பிட்டு முடித்தேன்.

தீபாவளிக்குப் பாட்டி வந்திருந்தார். வெல்லம் நடப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். "என்ன எழுதியிருக்கு, படி."

கோழி மாவு, சோளம், மீன் எண்ணெய், கால்சியம் என்று வரிசையாகப் படித்தேன். டாரின் வந்தது.

"அது என்னது?"

"மீன்ல இருக்கிறது பாட்டி. பூனைக்கு அது வேணும். இல்லன்னா இதயம் கெட்டுப் போயிடும்."

"மீன்லயா?" பாட்டி சமையலறைப் பக்கம் பார்த்தார். காலையில் பாசாரில் நான் வாங்கிவந்த மீன் பாத்திரத்தில் இருந்தது. "அப்புறம் ஏன் தலைய அவன்கிட்டயே வெட்டிப் போட்டுட்டு வர்ற?"